குறி தப்பும் ஏர் ரைபிள்: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

சென்ற ஐப்பசியில் கடலூர் புதுப்பாளையத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவன் தன் ஏர் ரைபிளைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். "ஸ்பிரிங் போயிடுச்சு சார், புதுசு வாங்கணும்" என்றான்; கூடவே ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒன்றுக்கும் விலை விசாரித்து வைத்திருந்தான். நான் முதலில் செய்தது கட்டையின், அதாவது ரைபிளைத் தாங்கும் மரப்பகுதியின், முன்பகுதியில் இரு பக்கமும் உள்ள திருகுகளில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பார்த்ததுதான். இடப்பக்கத்துத் திருகு ஒன்றரைச் சுற்றுச் சுற்றிய பிறகே பிடித்தது. அதுவரை கையகல அட்டை முழுவதும் பெல்லட்டை (சிறு ஈயக் குண்டை) இறைத்துக்கொண்டிருந்த ரைபிள், அன்று மாலையே ஐந்து குண்டுகளை ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்குள் போட்டது. ஸ்பிரிங்குக்கும் ஸ்கோப்புக்கும் அவன் ஒதுக்கியிருந்த பணம் நல்ல பெல்லட் வாங்கப் பயன்பட்டது.

இந்த வழிமுறை அவனைப் போன்றவர்களுக்காக எழுதப்படுகிறது. இதில் பேசப்படுவது குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் 4.5 மி.மீ. ஏர் ரைபிள் மட்டுமே. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் 4.5 மி.மீ. அளவையும் ஆற்றல் 20 ஜூலையும் தாண்டாதவரை இதற்கு உரிமம் தேவையில்லை. 0.22 அங்குல ரைபிளுக்கு உரிமம் வேண்டும். அதன் உறுப்புகளில் கை வைப்பது உரிமம் பெற்ற ஆயுதப் பழுதாளரின் வேலை. ஏர் ரைபிளிலும் ஆற்றலைக் கூட்டும் மாற்றம் எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. சட்டம் ஒருபுறமிருக்க, ஸ்பிரிங் வலுவாக வலுவாக உதைப்பும் அதிர்வும் கூடிக் குறி கெடுவதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். 0.53 கிராம் பெல்லட் வினாடிக்கு 175 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 8 ஜூல். பத்து மீட்டரில் அட்டையைத் துளைக்க அதுவே தாராளம்.

தொடங்கும் முன்: சோதனைக்கு ஓர் இடமும் ஓர் அட்டையும்

பழுதைத் தேடுவதற்கு முன் பழுதை அளக்க ஓர் ஏற்பாடு வேண்டும். பத்து மீட்டர் நீளமுள்ள நடையோ பக்கச் சந்தோ போதும்; குறுக்கே கதவோ சன்னலோ இருக்கக் கூடாது. சந்து என்றால் அதன் இரு முனைகளும் அடைபட்டிருக்க வேண்டும். மரப்பெட்டி ஒன்றில் பழந்துணியை ஒரு சாண் கனத்துக்கு இறுக்கி அடைத்து, அதன் பின்னால் 3 மி.மீ. இரும்புத் தகடு வைத்தால் பெல்லட் தெறிக்காமல் அதற்குள்ளேயே தங்கிவிடும். பக்கத்தில் நிற்பவர் உட்பட எல்லோரும் கண்ணாடி அணிய வேண்டும். பெல்லட் ஈயம் என்பதால் சோதனை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது.

மொட்டை மாடியில் நின்று தெருப்பக்கம் சுடுவதை நான் ஏற்பதில்லை. இந்தச் சிறு பெல்லட் இருநூறு மீட்டருக்கு மேலும் பறக்கும். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690இல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டுக் குண்டு விழுந்த தூரம் வரையுள்ள ஊர்களெல்லாம் அவர்களுக்கு என்று எல்லை வகுத்தார்கள். குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் அதை நினைவூட்டுகிறது. குண்டு போய் விழும் இடமெல்லாம் நமக்குச் சொந்தம் என்ற அந்த வசதி நமக்குக் கிடையாது. காக்கை, குருவி, அணில் எதுவும் இலக்கு அல்ல. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வீட்டு மதிலுக்கும் பொருந்தும்.

போட்டி அட்டையில் கருவட்டத்தின் விட்டம் 30.5 மி.மீ.; பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டு அரை மில்லிமீட்டர்தான். மேசை மேல் மணல் பையை வைத்து, அதன் மேல் உங்கள் இடக்கையை மல்லாத்தி, அந்தக் கையின் மேல் ரைபிளை வைத்து, ஒரே புள்ளியைக் குறிவைத்து ஐந்து முறை சுடுங்கள். மிக விலகியிருக்கும் இரண்டு துளைகளின் வெளி விளிம்புகளுக்கு இடையே அளந்து, அதிலிருந்து 4.5 மி.மீ. கழித்தால் கிடைப்பதுதான் அந்தக் கொத்தின் அளவு. அட்டையில் தேதி, பெல்லட் வகை, கடைசியாகச் செய்த மாற்றம் ஆகிய மூன்றையும் எழுதிவையுங்கள். ஒரே நாளில் திருகையும் முடுக்கி, பெல்லட்டையும் மாற்றி, குறிபார்க்கும் சைட்டையும் நகர்த்தினால் எது பலன் தந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

துளைகள் எல்லாத் திசையிலும் சிதறுகின்றன

என்னிடம் வரும் ரைபிள்களில் பெரும்பாலானவற்றின் நோய் இதுதான். செலவில்லாத காரணத்திலிருந்து செலவுள்ள காரணத்துக்குப் போவதே முறை.

முதலில் கட்டையின் திருகுகள். ஸ்பிரிங் ரைபிள் ஒவ்வொரு முறையும் முதலில் பின்னுக்கும் உடனே முன்னுக்கும் உதைக்கிறது. இந்த இரட்டை உதைப்பில் எந்தத் திருகும் மெல்ல மெல்லத் தளரும். முன்பகுதியின் இரண்டு பக்கத் திருகுகளையும் விசையைச் (டிரிகரைச்) சுற்றியுள்ள காப்பின் முன்திருகையும் கழற்றி, மரைகளில் உள்ள எண்ணெயைத் தின்னரால் துடைத்து, சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரால் முடுக்குங்கள். மரையில் ஒரு சொட்டு நகப்பூச்சு தடவினால் திருகு எளிதில் தளராது. தேவைப்படும்போது கழற்றவும் வரும். திருகின் தலை மரத்துக்குள் புதைந்து போயிருந்தால் இன்னும் இன்னும் முடுக்குவதில் பயனில்லை; பித்தளைக் குழி வாஷர் ஒன்றை அடியில் கொடுத்தால் அழுத்தம் பரவி மரம் நசுங்காமல் நிற்கும்.

அடுத்தது பெல்லட். டப்பாவிலிருந்து பத்து பெல்லட்டை எடுத்து வெள்ளைத்தாளில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். பாவாடை போல விரிந்த பின்விளிம்பு நசுங்கிய பெல்லட் பாதி தூரத்திலேயே தடுமாறும். அதைத் தனியே ஒதுக்க வேண்டும். எங்கள் கடற்கரை ஈரத்தில் திறந்து வைத்த பெல்லட்டின் மேல் வெள்ளைப் பொடி பூத்துவிடுகிறது, அதையும் பயன்படுத்தாதீர்கள். ஒரே குழலுக்கு எல்லா பெல்லட்டும் ஒத்துவராது. தலையின் அளவு 4.49, 4.50, 4.51 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் மாறினாலே சில குழல்களில் வேறுபாடு தெரியும். இரண்டு மூன்று வகைகளைச் சிறு அளவில் வாங்கி ஒவ்வொன்றிலும் மூன்று கொத்துகள் சுட்டுப் பார்த்துவிட்டு, பிடித்த வகையை மொத்தமாக வாங்குவது சிக்கனம். தட்டைத் தலை பெல்லட் அட்டையில் வட்டமான துளை போடுவதால் அளப்பதற்கும் வசதி.

மூன்றாவது, நீங்கள் பிடிக்கும் விதம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்ற பிறகு, எங்கள் பகுதி இளைஞர்கள் அவருடைய நிலையைக் காணொளியில் பார்த்து அப்படியே நிற்க முயல்கிறார்கள். நிற்கும் நிலையைக் கற்பது நல்லதே. ஆனால் உலகப் போட்டிகளில் சுடப்படுவது அழுத்திய காற்றில் இயங்கும், உதைப்பே இல்லாத ரைபிள். நம்முடைய ஸ்பிரிங் ரைபிளோ பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே அசையத் தொடங்கிவிடுகிறது. அந்த அசைவை இறுக்கிப் பிடித்து அடக்க முடியாது; ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அசைய விட வேண்டும். நிறைந்த எண்ணெய்க் கிண்ணத்தை உள்ளங்கையில் ஏந்துவது போல முன்பகுதியைத் தாங்குங்கள். விரல்கள் கட்டையைக் கவ்வக் கூடாது. செங்கல்லின் மீதோ சன்னல் கட்டையின் மீதோ நேரடியாக வைத்துச் சுட்டால் ரைபிள் துள்ளிக் குறி உயரே போகும். இந்த ஒன்றைத் திருத்தியதாலேயே கொத்தின் அளவு பாதியாகக் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இம்மூன்றும் சரியான பிறகும் சிதறினால் குழலைச் சுத்தம் செய்யலாம். துறைமுகப் பகுதியில் வலைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் தடித்த தங்கூசி நரம்பை (தூண்டில் நைலான் இழையை) இரண்டாக மடித்து, மடிப்பை முன்னே விட்டுக் குழல்வாய் வழியாக நுழைத்துப் பின்வாயில் எடுத்து, அந்த வளையத்தில் சிறு பருத்தித் துணியைக் கோத்து, பின்வாயிலிருந்து குழல்வாய்ப் பக்கமாக இழுக்க வேண்டும். முதல் துணி கரியாக வரும். ஐந்தாறு துணிக்குப் பிறகு சாம்பல் நிறத்துக்கு மாறும். அவ்வளவு போதும். இரும்புக் கம்பியை உள்ளே விடுபவர்கள் குழலின் உட்புறச் சுழல் வரிகளைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்.

கடைசியாகக் குழல்வாயின் விளிம்பு. காது குடையும் பஞ்சுக்குச்சியை உள்விளிம்பைச் சுற்றி மெல்லச் சுழற்றுங்கள். பஞ்சின் இழை ஓரிடத்தில் சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது. குழலுக்குள் எண்ணெய்த் துணியை அடைத்துவிட்டு, உருண்டைத் தலை கொண்ட பித்தளைத் திருகின் தலையில் இருசக்கர வாகன மெக்கானிக்குகள் வால்வு தேய்க்கும் பேஸ்ட்டைத் துளி தடவி, விளிம்பில் வைத்துக் கையாலேயே எல்லாக் கோணத்திலும் சாய்த்துச் சாய்த்துச் சுழற்றினால் இரண்டு மூன்று நிமிடத்தில் விளிம்பு சீரான ஒளி வளையமாகத் தெரியும். டிரில் இயந்திரத்தில் மாட்டிச் செய்யாதீர்கள். ஒரு நொடியில் விளிம்பு கோணலாகிவிடும்.

துளைகள் ஒரே கோட்டில் நீள்கின்றன

கோடு பக்கவாட்டில் நீண்டால் குழலின் கீல் ஆடுகிறதா என்று முதலில் பாருங்கள். குழல்வாயைப் பிடித்து இடமும் வலமும் அசைத்தால் துளியும் ஆட்டம் இருக்கக் கூடாது. இருந்தால் கீல் திருகைக் கால் சுற்று முடுக்கிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இல்லையென்றால் விசையை விரலின் ஓரத்தால் இழுத்து ரைபிளையே பக்கவாட்டில் தள்ளுகிறீர்கள் என்று கொள்ளலாம். கடற்காற்று எழுந்த பிறகு திறந்த வெளியில் சோதித்தால் பத்து மீட்டரிலேயே பெல்லட் சில மில்லிமீட்டர் நகரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கோடு மேலும் கீழுமாக நீண்டால் வேகம் சீராக இல்லை, அல்லது இடக்கை ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் தாங்குகிறது. கட்டையின் அடியில் கை வைக்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு மீண்டும் சுடுங்கள். அப்படியும் நீண்டால் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

குறி திடீரெனத் தாழ்ந்துவிட்டது, அடியின் ஓசையும் மந்தமாகிவிட்டது

காற்று கசிகிறது என்பதே பொருள். வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் பத்து மீட்டரைக் கடக்கும் முன் ஏறத்தாழ ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் தாழ்கிறது. வேகம் குறையக் குறைய இந்தத் தாழ்வு வேகமாகக் கூடும். குழல் மடங்கும் இடத்தில், குழலின் பின்வாயைச் சுற்றி ஒரு சிறு வளையம் இருக்கும். அது ரப்பர் ஓ-ரிங்காகவோ தோல் வளையமாகவோ இருக்கலாம். குழலை மூடிய பிறகு, மூடிய இடைவெளியின் மேல் மெல்லிய டிஷ்யூ தாள் துண்டு ஒன்றை வைத்து, பெல்லட் போட்டு, துணி அடைத்த பெட்டியை நோக்கிச் சுடுங்கள். தாள் பறந்தால் வளையம் தேய்ந்திருக்கிறது. பழைய வளையத்தைக் கையோடு எடுத்துச் சென்றால் பம்ப் சாமான், குழாய்ச் சாமான் விற்கும் கடைகளில் அதே அளவு கிடைத்துவிடும். இது சில ரூபாய்ச் செலவு. வளையம் நன்றாகவே இருந்து சற்றுப் பள்ளமாகப் பதிந்திருந்தால், அதை எடுத்து அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வளையமாக வெட்டிப் போட்டு உயர்த்தலாம்.

தாள் அசையவில்லை, ஆனாலும் வேகம் இல்லை என்றால், ஸ்பிரிங் தள்ள உள்ளே காற்றை அழுத்தும் பிஸ்டனின் வாஷர் போயிருக்கிறது. பெல்லட் போடாமல் வெறுமனே சுட்டுச் சுட்டு விளையாடிய ரைபிள்களில் இது சீக்கிரம் வரும். பெல்லட் குழலை அடைத்திருக்கும்போது முன்னே அழுந்தும் காற்றுதான் பிஸ்டனுக்கு மெத்தை, அது இல்லாவிட்டால் பிஸ்டன் நேரே போய்ச் சுவரில் முட்டுகிறது. வாஷர் மாற்ற ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும், அதை வீட்டில் செய்யாதீர்கள். உள்ளே ஸ்பிரிங் எப்போதும் அழுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கிறது. அதற்குரிய பிடிகருவி இல்லாமல் பின்மூடியைக் கழற்றினால் அது முகத்தை நோக்கித்தான் பாயும். கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய உள்ளுறுப்பு வேலை இந்த முழு வழிமுறையிலும் இது ஒன்றுதான்.

சுடும்போது புகை வருகிறது, வெடி போலச் சத்தம் கேட்கிறது

புதிய ரைபிளில் முதல் சில பத்துக் குண்டுகளுக்கு இலேசான புகையும் தீய்ந்த வாடையும் வருவது இயல்பு. அதன் பிறகும் தொடர்ந்தால் யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள். நம் வீடுகளில் தேங்காய் எண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ எல்லா நோய்க்கும் மருந்து. பிஸ்டன் காற்றை அழுத்தும் வேகத்தில் வெப்பம் ஏறி அந்த எண்ணெய் டீசல் என்ஜினில் போலப் பற்றிக்கொள்கிறது. பெல்லட் ஒரு முறை மிக வேகமாகவும் மறுமுறை மெதுவாகவும் போகும், வாஷர் கருகும், ஸ்பிரிங் உடையவும் கூடும். இன்னொரு சொட்டு விட்டால் சரியாகும் என்று நினைக்க வேண்டாம். குழலைத் துணியிட்டு இழுத்துத் துடைத்துவிட்டு, சற்றுக் கனமான பெல்லட் முப்பது நாற்பது சுட்டால் உள்ளே உள்ளது எரிந்து தீர்ந்துவிடும். எண்ணெய் வெளி உலோகத்துக்கும் கீலுக்கும் மட்டும் உரியது. காற்று போகும் துளைக்குள் ஒரு துளியும் போகக் கூடாது.

சுட்டதும் உள்ளே கம்பி அதிரும் ஓசை

குறியை இது பெரிதாகக் கெடுப்பதில்லை, காதுக்குத்தான் தொந்தரவு. வாஷர் மாற்றக் கொடுக்கும்போது ஸ்பிரிங்கின் மேல் கெட்டியான கிரீஸ் மெல்லிய பூச்சாகத் தடவச் சொன்னால் போதும். இதற்காகத் தனியே திறக்க வேண்டாம்.

சைட்டை முழுவதும் நகர்த்தியும் குறி நடுவுக்கு வரவில்லை

குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்சைட்டை நகர்த்த வேண்டும். முன்சைட் என்றால் அதற்கு எதிர்ப்பக்கம். பின்சைட்டை முழுவதும் உயர்த்தியும் குறி தாழ்வாகவே இருந்தால் முன்சைட்டின் உயரத்தைக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பது எளிய கணக்கு. இரண்டு சைட்டுகளுக்கும் இடையே 450 மி.மீ., இலக்குக்கு 10,000 மி.மீ., குறி 30 மி.மீ. தாழ்வு என்றால், 30ஐ 450ஆல் பெருக்கிப் பத்தாயிரத்தால் வகுக்க 1.35 மி.மீ. கிடைக்கும். அரத்தை எடுத்தால் ஒரு மில்லிமீட்டரோடு நிறுத்திச் சுட்டுப் பாருங்கள். தேய்த்ததை ஒட்ட வைக்க முடியாது. தேய்த்த இடம் வெயிலில் பளபளக்கும். கற்பூரம் கொளுத்தி அதன் கரியைச் சைட்டில் பிடித்தால் மையிட்டது போல மங்கலான கறுப்பு ஏறும்; காலை வெளிச்சத்தில் ஒரு குறியும் மாலை வெளிச்சத்தில் ஒரு குறியுமாக மாறுவதும் இதனால் குறைகிறது.

நேற்றுவரை நன்றாக இருந்த ரைபிள் இன்று ஒரு சாண் உயரே சுடுகிறது என்றால் கேள்வி வேறு. குழலை மடக்கிய நிலையில் யாராவது விசையை இழுத்தார்களா என்று வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள். அப்படிச் செய்தால் குழல் அறைந்து மூடி மேல்நோக்கி வளைந்துவிடும். விரல் இடுக்கில் இருந்தால் விரலும் போகும். ஆகவேதான் பெல்லட் போடும் நேரமெல்லாம் ஒரு கை குழலை விடாமல் பற்றியிருக்க வேண்டும் என்று பழக்குகிறோம். வளைந்த குழலை முழங்காலில் வைத்து நிமிர்த்தும் சூரர்கள் உண்டு. நான் மாற்றிவிடச் சொல்வேன்.

ஸ்கோப் மாட்டிய பிறகு குறி நாளுக்கு நாள் நகர்கிறது

சாதாரண ஸ்கோப்புகள் பின்னுதைப்பை மட்டும் தாங்கச் செய்யப்பட்டவை. ஸ்பிரிங் ரைபிளின் முன்னுதைப்பில் அவற்றின் உள்கண்ணாடிகள் தளர்ந்துவிடுகின்றன. ஸ்கோப்பின் பிடிகளுக்குப் பின்னால், அவை மாட்டப்படும் ரைபிளின் மேல்பள்ளத்தில் பென்சிலால் கோடு கிழித்து, இருபது குண்டுகள் சுட்ட பின் பாருங்கள். கோட்டுக்கும் பிடிக்கும் இடையே இடைவெளி மாறியிருந்தால் பிடிதான் வழுக்குகிறது; தடுப்பு ஊசி உள்ள பிடி வாங்கினால் தீரும். கோடு மாறவில்லையென்றால் பழுது ஸ்கோப்பின் உள்ளே. தவிர, பெரும்பாலான மலிவு ஸ்கோப்புகள் நூறு கஜத் தூரத்துக்குச் சரிசெய்யப்பட்டவை என்பதால் பத்து மீட்டரில் படம் மங்கும், கண்ணை அசைத்தால் குறுக்குக்கோடும் இலக்கின் மேல் அசையும். பத்து மீட்டர் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை. கைப்பணம் குறைவென்றால் ஸ்கோப்பை விட்டுவிட்டுத் துளை வழியே பார்க்கும் பின்சைட்டுக்குச் சேமியுங்கள் என்பதே என் கருத்து.

விசை கனமாக இருக்கிறது, இழுக்க இழுக்கக் குறி நகர்கிறது

எவ்வளவு கனம் என்று முதலில் அளக்கலாம். பெல்லட் போட்டு, துணி அடைத்த பெட்டியை நோக்கி மணல் பையில் கிடத்தி, கொக்கி உள்ள கைத்தராசால் விசையைப் பின்னோக்கி இழுத்தால் விடுபடும் எடை தெரியும். பல ரைபிள்களில் விசைக்குப் பின்னால் ஒரு சிறு திருகு இருக்கிறது. அதைக் கால் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் அளந்து, ஒன்றரைக் கிலோ அளவில் நிறுத்துங்கள். அதன் பிறகு ரைபிளை ஏற்றி, குழல்வாய் பெட்டியை நோக்கியிருக்க, கட்டையின் அடியை ரப்பர் விரிப்பில் தட்டிப் பாருங்கள். தானாக விடுபட்டால் திருகு அளவுக்கு மீறிப் போயிருக்கிறது, பின்னோக்கித் திருப்புங்கள். உள்ளே உள்ள கொக்கியை அரத்தால் தேய்த்து இலகுவாக்கும் யோசனை எங்கே கேட்டாலும் அதைச் செய்யாதீர்கள். அந்த உலோகத்தின் கடினம் மேற்பரப்போடு சரி. தேய்த்த கொக்கி ஒரு நாள் கை படாமலேயே விடுபடும்.

மழைக்காலத்தில் மட்டும் குறி மாறுகிறது

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மரக்கட்டை ஈரம் குடித்துப் பருக்கிறது. தை பிறந்ததும் காய்ந்து சுருங்குகிறது, திருகுகள் தளர்கின்றன. கட்டையைக் கழற்றி, உலோகம் உட்காரும் உட்பள்ளத்துக்கு ஆளிவிதை எண்ணெயோ வார்னிஷோ இரண்டு முறை பூசி நன்கு காயவிட்டால் இந்த ஏற்றத்தாழ்வு வெகுவாகக் குறையும். வெளிப்பக்கம் பளபளவென்று மெருகேற்றி, உட்பக்கத்தைப் பச்சை மரமாக விட்டிருப்பதைப் பல ரைபிள்களில் காணலாம்.

கடலூர் சில்வர் பீச்சிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்கள் உப்புக்காற்றுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டும். கை பட்ட இடமெல்லாம் மறுநாளே செந்நிறமாகும். சுட்டு முடித்ததும் வெளி உலோகத்தை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். பஞ்சு அடைத்த பையில் மூடி வைப்பது கூடாது, பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏற்றிய நிலையில் வைப்பதும் கூடாது, ஸ்பிரிங் சோர்ந்துவிடும். பூட்டிய அலமாரியில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல், பெல்லட்டை வேறிடத்தில் வைத்துப் பூட்டுங்கள். புதுச்சேரிக்கோ கடலூருக்கோ எல்லை கடந்து எடுத்துச் செல்லும்போது பெல்லட் போடாமல், உறையில் வைத்து, வாங்கிய ரசீதோடும் அடையாள அட்டையோடும் செல்வது வீண் விளக்கங்களைத் தவிர்க்கும்.

மேசையில் நன்றாகச் சுடுகிறது, நின்று சுட்டால் அலைகிறது

மேசையில் கொத்து சிறிதாக வந்தால் ரைபிளில் பழுதில்லை. ரைபிள் உங்கள் உடம்புக்குப் பொருந்தவில்லை. நமக்கேற்ப மாற்றியமைத்தல் என்ற வேலை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது, இதற்குத்தான் மிகக் குறைவாகவும் செலவாகிறது.

கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறங்கள். முன்சைட் தானாகவே பின்சைட்டின் நடுவில் தெரிய வேண்டும். பின்சைட்டின் முதுகுதான் தெரிகிறது என்றால் கன்னம் தாழ்ந்திருக்கிறது. பழைய ஹவாய் செருப்பின் அடியைக் கழுவிக் காயவைத்து, கன்னம் படும் நீளத்துக்கு வெட்டி, கட்டையின் மேல் வைத்து, சைக்கிள் டியூப்பை அகலமாக வெட்டி அதன் மேல் சுற்றிக் கட்டிப் பாருங்கள். உயரம் சரியென்று இரண்டு வாரம் சுட்டுத் தெரிந்த பிறகு தச்சரிடம் கொடுத்து மரத்தில் செய்துகொள்ளலாம். முதலிலேயே மரத்தில் செய்தவர்கள் இரண்டாவது முறையும் கூலி கொடுத்திருக்கிறார்கள். நீளத்துக்கும் இதே வழிதான். முழங்கையை மடக்கி, உள்மடிப்பில் கட்டையின் பின்பகுதியை வைத்தால் ஆட்காட்டி விரலின் முதல் கணு விசையை எட்ட வேண்டும். எட்டவில்லையென்றால் கட்டை நீளம். தச்சர் அறுத்துக் கொடுப்பார். கணு விசையைத் தாண்டிப் போனால் ரப்பர் தகடுகளை அடுக்கிப் பின்னால் திருகலாம்.

பிறகு எடை. போட்டி விதி 5.5 கிலோ வரை அனுமதிக்கிறது; நம் ரைபிள்கள் பெரும்பாலும் மூன்று கிலோவை ஒட்டியவை. எடை குறைந்த ரைபிள் நாடித்துடிப்புக்கெல்லாம் ஆடும். அந்தப் புதுப்பாளையத்து மாணவனின் ரைபிளுக்கு வலையில் கோக்கும் ஈயமணிகளைத்தான் பயன்படுத்தினோம். முன்பகுதியின் உட்பள்ளத்தில் குழல் படாத இடத்தில் மணிகளை வரிசையாக அடுக்கி, எம்-சீல் பிசைந்து மேலே பூசி ஒரு நாள் காயவிட்டான். முதலில் நானூறு கிராம் வைத்தோம். முப்பது குண்டுக்குப் பிறகு இடத்தோள் வலிக்கிறது என்றான். சுரண்டியெடுத்து இருநூற்று ஐம்பதாக்கினோம். எடுத்த மணிகளை அவன் தூக்கிப்போடவில்லை. பின்கட்டையில் துளையிட்டு அதற்குள் போட்டுத் தக்கையால் அடைத்தான். முன்னும் பின்னும் எடை சமன்பட்ட அந்த வாரத்து அட்டைகளில் நின்று சுட்ட பத்துக் குண்டுகளில் எட்டுக் கருவட்டத்துக்குள் இருந்தன, மீதி இரண்டும் வலப்பக்கம். வலப்பக்கம் ஏன் என்று கேட்டான். விசையில் விரல் எங்கே படுகிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.